பவுனு சொன்ன பேர்

1942 சித்திரைக் கடைசியில் ஒச்சாண்டியும் அவன் மனைவியும் ஜெயமங்கலம் வந்து சேர்ந்தார்கள். பர்மாவில் குண்டு விழுந்தபின் இரண்டு மாதம் காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள்.

வரும் வழியில் பஸ்ஸிலேயே அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். "பேரு பவுனு. அப்பன் ராமநாதபுரத்துக்காரரு, ரங்கூன்ல செத்துட்டாரு. வேற எதுவும் பேசாத."

அவள் பர்மாக்காரி, பெயர் மா ஷ்வே. பெகுவில் அவன் வேலை பார்த்த அரிசி மில்லுக்கு எதிரே சோற்றுக்கடை வைத்திருந்தவள்; தமிழை அவனிடம் கேட்டே பழகியவள். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும், அவன் அதை ஊருக்கு எழுதவில்லை.

வாசலில் நின்ற அக்கா மொக்கம்மாள் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அழுதாள். தெரு கூடிவிட்டது. பங்காளி அம்மாவாசி முன்னால் வந்தார்.

"இது யாருப்பா? எந்த ஊரு?"

ஒச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டான். மா ஷ்வே அவனைப் பார்த்தாள். இன்று ஒரு பொய் சொன்னால் கிணற்றடியிலும் வயலிலும் சாகும்வரை அதையே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எம்பேரு மா ஷ்வே. நான் பர்மாக்காரிதேன். அப்பாவும் ஆத்தாவும் அங்கன இருக்காக. உசுரோட இருக்காகளான்னு தெரியல."

"நம்ம ஊருப் பேச்சுல்ல பேசுது," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"பேச்சு இருக்கட்டும். இனத்துல சேக்குறத ஊரு கூடித்தேன் முடிவு பண்ணணும்," என்றார் அம்மாவாசி.

ஒச்சாண்டி தலையைத் தூக்கினான். "அக்கா, மலையில காய்ச்சல் வந்து விழுந்துட்டேன். கூட வந்தவுகல்லாம் விட்டுட்டுப் போயிட்டாக. இவ மூணு நாளு என்னையத் தோள்ல சாச்சு நடத்திக் கூட்டியாந்தா. பொய் சொல்லச் சொன்னது நாந்தேன்."

மொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊரு கூடிப் பேசுங்க சித்தப்பா. நானும் வாரேன். இப்ப இவுக ரெண்டு பேரும் கஞ்சி குடிக்கணும்."

உள்ளே போனதும் மொக்கம்மாள் மா ஷ்வே கையில் கஞ்சிச் செம்பைக் கொடுத்தாள்.

"பேரு என்ன சொன்ன, ஆத்தா?"

"மா ஷ்வே, மதினி. ஷ்வேன்னா தங்கம். அதேன் இவுக பவுனுன்னு வச்சாக."

"மா... சுவே." நாக்கு புரளவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். "வரும். ரெண்டு நாளு ஆகட்டும்."

மா ஷ்வேவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துப் பல நாளாகியிருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்தவள், வெளியே அம்மாவாசியின் குரல் ஓயும் முன்பே தூங்கிப்போனாள்.