பன் வைத்தியம்

அப்துல் ரவூப் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு முப்பத்தெட்டு மார்க். ஆனால் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாக சூப்பர்வைசர். அவர் பார்த்துக் கட்டி அனுப்பும் துணி ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்குப் போவதால், அந்த ஆஸ்பத்திரிகளே தன் யோசனையில்தான் நடக்கின்றன என்று அவருக்கு ஒரு நினைப்பு. தறி ஓட்டும் பெண்களுக்குத் தலைவலி முதல் தைராய்டு வரை மருந்து சொல்லுவார். அதில் இதுவரை யாரும் சாகவில்லை என்பதுதான் அவருடைய டிகிரி.

இந்த மகா வைத்தியரிடம் மாட்டிக்கொண்டது அவர் பெற்ற மகள் நௌஷீன். நாலு வயது. எட்டு மாதமாக வயிறு சரியில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போவாள்; வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காய், வீடே மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். கைகால் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. தொட்டதற்கெல்லாம் சிணுங்கினாள். போன பெருநாளுக்கு எடுத்த பாவாடை இந்தப் பெருநாளுக்கும் நீளம் குறையாமல் இருந்தது. ரவூப் அதைப் பார்த்து, நல்ல கடைத் துணி என்று மெச்சினார். அவ்வளவு கூர்மையான கண் அவருக்கு.

வயிற்றுப்போக்குக்கு அவரிடம் ஒரே மருந்துதான். "சோத்த நிப்பாட்டு. பன்னும் ரஸ்க்கும் குடு, வயிறு கட்டிக்கிரும்." ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் பார்க்கப் போகிறவர்கள் ரொட்டிப் பொட்டலத்தோடுதானே போகிறார்கள், அந்தத் தைரியம். போக்கு நிற்காவிட்டால் பன்னைக் கூட்டினார். உடம்பு தேற கோதுமைக் கஞ்சி சேர்த்தார். அப்படியும் தேறவில்லை என்றால், "டோஸ் பத்தல" என்றார்.

நோன்பு மாதத்தில் மட்டும் பிள்ளை நன்றாக இருந்தாள். பள்ளிவாசலில் ஊற்றும் அரிசிக் கஞ்சி அவளுக்கு உயிர். தூக்குவாளி நிறைய வாங்கி வந்தால் சாயங்காலமும் குடிப்பாள், மறுநாள் காலையிலும் அதையே கேட்பாள். பன்னையும் கோதுமைக் கஞ்சியையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் வயிறு கொஞ்சம் அமுங்கி, தெருவில் ஓட ஆரம்பித்தாள். "என் வைத்தியம் வேலை செய்யுது பாத்தியா" என்றார் ரவூப். பெருநாளுக்குச் சேமியா பாயசம். இரண்டு நாளில் மறுபடியும் போக்கு. மறுபடியும் பன்.

அவர் மனைவி அசீனா அன்றைக்குச் சொன்னாள்: "கஞ்சி குடிச்ச மாசம் பூரா நல்லா இருந்தா. பன்னு வந்ததும் படுத்துட்டா. எனக்குப் பன்னு மேலதான் சந்தேகமா இருக்கு."

"பன்னு என்ன விஷமா? ஆஸ்பத்திரிலயே அதத்தான் குடுக்காக."

"உங்க ஆஸ்பத்திரிய நீங்களே வச்சுக்கிடுங்க. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிள்ளைக டாக்டர்ட்ட போறேன். வந்தா வாங்க."

போனார். அங்கேயாவது வாயை அடக்கியிருக்கலாம். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே தன் சிகிச்சை முறையை விளக்கினார். டாக்டரம்மா எடை பார்த்தார். பத்தரைக் கிலோ. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு ரவூபை அப்படியே விட்டுவிட்டு அசீனாவிடம் கேட்க ஆரம்பித்தார். நோன்புக் கஞ்சி விஷயம் வந்ததும் எழுதுவதை நிறுத்தினார்.

"கோதுமை, மைதா, ரவை, சேமியாலலாம் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. சில பிள்ளைகளுக்கு அது குடலையே கெடுத்துரும். என்ன தின்னாலும் சத்து ஒட்டாது. சீலியாக்னு பேரு. இவளுக்கு அதுவா இருக்கலாம். ரத்தம் பாக்கணும்."

"அப்ப நான் எட்டு மாசமா..." என்றார் ரவூப். "இன்னைக்கே எல்லாத்தையும் நிப்பாட்டிருதேன்."

"இப்ப நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினா சோதனைல பிடிபடாமப் போயிரும். ரத்தத்துல தெரிஞ்சா மதுரைக்குப் போயி வாய் வழியா குடலுக்குக் குழாய் விட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் தினம் கொஞ்சமாவது குடுங்க."

ரத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். ரவூப் ஒரு பன் வாங்கினார். எட்டு மாதமாகக் கை கூசாமல் ஊட்டியவருக்கு இப்போது அதைப் பிய்க்கவே விரல் வரவில்லை. ஒரு துண்டை நீட்டினார்.

"வேண்டாம் அத்தா" என்றாள் நௌஷீன். "வயித்த வலிக்கும்."

"எப்பவும் வலிக்குமா தாயி?"

"பன்னு தின்னா வலிக்கும்."

"அத்தாட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னேன்ல. நீங்கதான் பொய் சொல்லுதன்னு வஞ்சீங்க."

வைததுண்டு. ஒரு தடவையல்ல, பல தடவை. அசீனா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊருக்கே மருந்து சொன்ன வாய் கோணிக்கொண்டு அழுதது. தளவாய்புரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நௌஷீன் பயந்துபோய் அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டாள்.

"அழாதீங்க அத்தா. நான் தின்னுருதேன்."