ஏணியைப் பிடித்தவன்

எலக்ட்ரீஷியன் கூரைக் கம்பியில் இரண்டு கைகளாலும் தொங்கிக்கொண்டிருந்தார். காலுக்குக் கீழே வெறும் காற்று. அதற்கும் கீழே, குடோனின் சிமென்ட் தரையில், ஏணி மல்லாந்து கிடந்தது.

அதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவருடைய மைத்துனன். இப்போது அவசரமாக நிமிர்த்திச் சாய்த்து, அடியில் தன் உடம்பையே முட்டுக் கொடுத்து நின்றான்.

"மெதுவா கால வைங்க மாமா."

இறங்கியவர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மேனேஜர் ஏணியைப் புரட்டினார். வழுக்காமலிருக்க அடிக்காலில் மாட்டும் ரப்பர் இரண்டுமே இல்லை.

"தேஞ்சு போகல. ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்கு. டூல்ஸ் ரூம் சாவி உன்கிட்டதானே?"

மைத்துனனின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போனது.

மேனேஜர் எலக்ட்ரீஷியனை ஓரமாக அழைத்துப்போனார். "காலையில ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சு. பொண்டாட்டி தம்பின்னு பாக்காதீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே கேட்டுக்கு வெளிய அனுப்பிடறேன்."

'ஏணியைப் பாத்துட்டு ஏறுங்க' என்று காலையில் தன்னை வழிமறித்தவன் அவன்தான், எலக்ட்ரீஷியன் யோசித்தார். அப்படியென்றால் முன்பே தெரிந்திருக்கிறது. தன் வேலை காலியானால் அந்த இடம் அடுத்து அவனுக்குத்தான். உறவாடிக் கெடுப்பது என்பது இதுதானா?

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

மேனேஜர் போனதும் எலக்ட்ரீஷியன் மைத்துனனை மூட்டை அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"என் இடத்துக்கு அவ்வளவு அவசரமா மாப்ளே?"

"உங்க இடம் யாருக்கு வேணும்? கழட்டினது நான்தான்."

"அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்றே."

"ஏறுறதுக்கு முன்னாடி அடிக்காலைப் பாக்கணும், பழுதுன்னா சிவப்பு அட்டை கட்டி ஓரங்கட்டணும். அதானே இங்க வழக்கம்? புது ரப்பர் வர்ற வரைக்கும் தரையில இருப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க குனிஞ்சுகூடப் பாக்கல. சொன்னதுக்கு, 'முளைச்சு மூணு இலை விடல, எனக்குப் பாடமா'ன்னு கத்தினீங்க. சரி, இறுக்கிப் பிடிச்சுக்கலாம்னு நின்னேன். வழுக்கிடுச்சு."

"நான் தரையில இருந்தா உனக்கு என்னடா லாபம்?"

அவன் குரல் இறங்கியது.

"வீட்டுல தலைசுத்தி விழுந்தீங்களாமே. ஏணிப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை நீங்க இங்க மறைச்சுட்டீங்கன்னு அக்கா அழுதா மாமா."