வலது பின்கதவு

"டெல்பர்ட்! என் வண்டி வந்திருக்கா?"

காரைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. இந்தக் குரலுக்குப் பயந்துதான் இரண்டு வருடமாகச் சர்ச்சில் கடைசி வரிசைக்கு மாறியிருந்தேன். இதே குரல் மளிகைக் கடை வரிசையில் கேட்டபோது, வாங்க வந்ததை வாங்காமலே கடையைவிட்டு வெளியேறினேன். வெல்மா க்ரோவர். எண்பத்தொரு வயது. முதியோர் இல்லத்தின் வேன் அவரைப் பொருட்காட்சித் திடலின் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறது. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை இளம் நர்ஸின் முழங்கையில்.

பழைய கார்ப் போட்டி நடக்கும் ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. திடல் முழுக்கப் பழைய கார்கள் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வாய் காட்டுவதுபோல நின்றன. நடுவர்கள் என் வண்டியைப் பார்த்து முடித்து, அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். ஐம்பத்தேழாம் வருடத்து செவர்லே. கடல் பச்சை நிறம். மடக்குக் கூரை. இரண்டு கதவு. இந்த மாவட்டத்தில் இதற்கு ஈடாக இன்னொன்று இல்லை என்று காலையிலிருந்து பதினைந்து பேராவது சொல்லியிருப்பார்கள்.

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஆர்வில் மெல்லுவதை நிறுத்தினான். என் கொட்டகையில் என்ன நடந்தது என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்.

"வாங்க மிஸ் வெல்மா," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இவன்தான்மா நான் சொன்ன டெல்பர்ட்," என்றார் நர்ஸிடம். "ஸ்கூல் பஸ்ஸெல்லாம் ரிப்பேர் பண்றவன். லூயிவில்லேர்ந்து ஒருத்தன் வந்து ரெண்டு மடங்கு காசு தரேன்னான். வண்டியைப் பிரிச்சுப் பார்ட் பார்ட்டா எடுத்துக்கறேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். போடான்னு அனுப்பிட்டு இவனுக்குக் குடுத்தேன். இவன் வார்த்தை மாறமாட்டான்."

அந்த லூயிவில்காரன் சொன்னபோது நானும் அதே சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன், எதிரில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு. அவனாவது உண்மையைச் சொன்னான்.

இந்தக் கார் பைத்தியம் பிடிக்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதே வருடம், அதே எஞ்சின், அதே முகம், அதே பளபளப்பு. ஆனால் கதவு இரண்டு என்றால் ராஜா. நான்கு என்றால் கூலிக்காரன். இரண்டு கதவு வண்டியை வாங்கியவன் இளைஞன், காதலியோடு கடற்கரைக்குப் போனவன். நான்கு கதவு வண்டியை வாங்கியவன் குழந்தை குட்டியோடு பல் டாக்டரிடம் போனவன். முப்பது வருடம் கழித்து எல்லோரும் காசு கொடுத்து வாங்க விரும்புவது கடற்கரையைத்தான். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல நிலையில் ஒரு நான்கு கதவு வண்டி கிடைத்தால், அதை அறுத்து இரண்டு கதவு வண்டிக்கு உறுப்பு தானம் செய்துவிடுவோம். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. "நாலு கதவு வண்டியை அப்படியே வச்சிருக்கறவன் மாமியார் கூட குடித்தனம் பண்றவன்டா" என்பான் ஆர்வில். எல்லோரும் சிரிப்போம்.

நான் வெல்மாவிடம் பொய் சொல்லி வாங்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம். மேசையில் உட்கார்ந்து, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு ஓட்டுவேன் மிஸ் வெல்மா, ஒரு ஆணி கழட்ட மாட்டேன்" என்று சொன்னபோது அதை நானே நம்பினேன். மூன்று ஞாயிறு ஓட்டவும் செய்தேன். நான்காவது வாரம் ஆர்வில் ஓடிவந்தான். ஜாஸ்பர் பக்கம் ஒரு தொழுவத்தில் மடக்குக் கூரை வண்டி ஒன்று கிடக்கிறது, மேலே மரம் விழுந்து முகம் மட்டும் நசுங்கிப்போயிருக்கிறது, மற்றதெல்லாம் தங்கம். "ஒனக்கு ஒரு மூஞ்சிதான்டா வேணும். ஓங்கிட்டதான் ஒண்ணு நிக்குதே!" அன்று மாலையே ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

"எங்கப்பா நிக்குது?" வெல்மா ஊன்றுகோலை முன்னால் நீட்டித் தேடினார். அப்போதுதான் கவனித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுல நடுவுல ஒண்ணும் தெரியாது," என்றாள் நர்ஸ் மெதுவாக. "ஓரத்துல கலர் மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை இவங்க அண்ணன் பொண்ணு வந்து அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அதுக்குள்ள ஒரு தடவை வண்டியில உக்காரணும்னு ஒரு வாரமா இதே பேச்சு."

"பின்சீட்ல," என்று திருத்தினார் வெல்மா. "டோயல் உக்காந்த பக்கம். ஒரே நிமிஷம். அப்புறம் நீ ப்ரைஸ் வாங்கு, என்னமோ பண்ணு."

டோயல் அவருடைய மகன். போலியோ வந்தவன். இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்காகத்தான் அந்த வண்டியே. வெல்மாவின் கணவர் ஹார்லன் க்ரோவர் மடக்குக் கூரை வண்டி வாங்கத்தான் கடைக்குப் போனாராம், கையில் காசோடு. வெல்மாதான் வேண்டாம் என்றிருக்கிறார். இரண்டு கதவு வண்டியில் முன்சீட்டை மடக்கி, இரும்புப் பட்டை போட்ட காலோடு அவனைத் தூக்கித்தான் பின்னால் வைக்கவேண்டும். தனிக் கதவு இருந்தால் அவனே திறப்பான், அவனே இறங்குவான். "நாங்க யாரும் கை குடுக்க மாட்டோம் டெல்பர்ட். கதவு திறக்கும். அப்புறம் நின்னுகிட்டே இருப்போம். ஹார்லனுக்குப் பொறுமையே கிடையாது, ஆனா அப்ப மட்டும் நிப்பார்." அந்தச் செர்ரிப் பலகாரத்தைத் தின்றபடி இதையும் கேட்டிருக்கிறேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். திடலில் வைத்து, நர்ஸ் முன்னால், ஆர்வில் முன்னால், ஒரே வரி. வெல்மாவின் முகம் மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது, கண்ணின் ஓரத்தால் பார்ப்பதற்காக. கடல் பச்சை நிறம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஐயோ, இதோ நிக்குதே! இதானே?"

"ஆமா," என்றேன். "இதான்."

ஆர்வில் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுருட்டி, நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தான். நாற்பது வருடச் சிநேகிதத்தில் அவன் என்னைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பியது அதுதான் முதல் தடவை.

முழுப் பொய்யும் இல்லையே என்று உள்ளே ஒரு குரல் வக்காலத்து வாங்கியது. முன்பக்கம் முழுக்க அவருடையதுதானே! மூடி, சக்கர மேல்தகடு, விளக்கு, ஸ்டியரிங், எஞ்சின், எல்லாம். அந்தப் பழைய வண்ணத்தைக் கெடுக்க மனமில்லாமல்தான் மீதி வண்டிக்கும் அதே நிறத்தை அடித்தேன். வெல்மா ஊன்றுகோலை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் முன்மூடிமேல் வைத்தார். கை நகர்ந்தது. வலது விளக்கின் வளையத்துக்குக் கீழே போய் நின்றது. அங்கே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். நடுவர்கள் குனிந்து பார்க்கமாட்டார்கள் என்று நான் சரிசெய்யாமல் விட்டது.

"இருக்கு!" என்று சிரித்தார். "ஹார்லன் எங்க சோளக் களஞ்சியத்துல முட்டினது. நான் முட்டினேன்னு கடைசிவரைக்கும் ஊரெல்லாம் சொல்லிட்டுப் போனார் அந்த மனுஷன். அப்படியே வச்சிருக்கியேப்பா!"

அவர் சந்தோஷத்தைப் பார்த்துச் சுற்றி நின்ற நாலைந்து பேர் புன்னகை செய்தார்கள். யாரோ கேமராவைக்கூட எடுத்தார்கள்.

கை பின்னோக்கி நகர்ந்தது. சக்கர மேல்தகடு. பிறகு கதவு. வெல்மாவின் விரல்கள் கதவின் ஓரத்தைத் தடவி, கைப்பிடியைத் தொட்டு, பொத்தானை அமுக்காமலே தாண்டிப் போயின. முன்கதவு அவருக்கு வேண்டாம். அடுத்தது வேண்டும். நான் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்கள் வழவழப்பான தகட்டில் போயின. அடுத்த கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் நின்றன. அங்கே ஒன்றுமில்லை. கொஞ்சம் மேலே போயின, கீழே போயின. திரும்ப முன்கதவுக்கு வந்து, அங்கிருந்து சாண் சாணாக அளந்துகொண்டு மறுபடியும் பின்னால் போயின. நான் மூன்று அடுக்கு மெழுகு பூசி மெருகேற்றிய அந்த நீண்ட தகட்டில், ஒரு கிழவியின் கை கதவைத் தேடிக்கொண்டிருந்தது. மேலே போனது. துணிக் கூரையில் பட்டது. நெருப்பில் பட்டதுபோல விலகியது.

ஒலிபெருக்கியில் எலுமிச்சைச் சாறு எங்கே கிடைக்கும் என்று சொல்லி முடித்தார்கள்.

"என்ன ஆச்சு வெல்மாம்மா?" என்றாள் நர்ஸ். "கதவு திறக்கலியா?"

வெல்மா என் பக்கம் திரும்பவில்லை. வண்டியைப் பார்த்தபடியே சொன்னார். "இது இல்லம்மா. எனக்குத்தான் கலர் பார்த்து ஏமாந்துபோச்சு. நம்ம வண்டி இவன் வீட்ல இருக்காம். கூட்டிட்டுப் போறான். ஒரு மணி நேரத்துல கொண்டாந்து விட்டுடுவான்." பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினார். "மீதி இருக்கா?"

"கதவு மட்டும்," என்றேன்.

"நடப்பா."

என் பிக்கப் லாரியின் படி உயரம். கை கொடுக்கப் போனேன். "வேணாம்," என்றார். நின்றுகொண்டு காத்திருந்தேன். அவர் கதவைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, மூச்சு வாங்கி ஏறினார். திடலைவிட்டு வெளியே திரும்பும்போது ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. மடக்குக் கூரைப் பிரிவு, முதல் பரிசு. கைதட்டல். மறுபடியும் என் பெயர். ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன்.

"ஒன்னைத்தான் கூப்பிடறாங்க," என்றார் வெல்மா.

சோள வயல்களுக்கு நடுவே ஆறு மைல். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

"சீட்டு?"

"கென்டக்கிக்காரன் ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்."

"சரி."

"மிஸ் வெல்மா, நான்..."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

கொட்டகைக்குள் வெயிலில் வெந்த தகரத்தின் வாடை. கூடும் கூரையும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. நான்கு கதவுகள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றன. நல்ல மனதால் வைத்திருக்கவில்லை. இரண்டு கதவு வண்டிக்கு இந்தக் கதவு எதுவும் பொருந்தாது. சந்தைக்கு மூன்று தடவை கொண்டுபோனேன், சும்மா கொடுத்தால்கூட எடுத்துப்போக ஆளில்லை. உலகத்தில் யாருக்கும் வேண்டாத பொருள் என்று, புல் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன்.

வெல்மா ஒவ்வொன்றாகத் தடவினார். மூன்றாவதில், வலது பின்கதவில், கை நின்றது. குனிய முடியாமல் குனிந்து, உட்புறத்தின் அடிவிளிம்பைத் தொட்டார். அங்கே வண்ணம் போய், குறுக்கும் நெடுக்குமாக நூறு கீறல்கள். டோயல் காலின் இரும்புப் பட்டை உரசியவை. இரண்டு வருடமாக என் கொட்டகையில் இருந்தும் நான் பார்த்ததே இல்லை.

"எடுத்து நிறுத்து," என்றார். "நேரா."

தூக்கி, கொட்டகையின் நடுவில் கொண்டுவந்து, வண்டியில் இருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் பிடித்தேன். கனம். ஓரம் உள்ளங்கையை அறுத்தது. அவர் வெளிப்பக்கமாக வந்து நின்று, கவுனைச் சரிசெய்துகொண்டு, கட்டைவிரலால் கைப்பிடியின் பொத்தானை அமுக்கினார்.

டக்.

அந்தச் சத்தத்துக்கு அவர் தலை கொஞ்சம் சாய்ந்தது. "இழு," என்றார். நான் கதவைத் தூக்கியபடி வளைந்து நடந்து, திறந்த கதவுபோலப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் புல் வெட்டும் மெஷினும், பெயின்ட் டப்பாக்களும், ஜன்னலிலிருந்து விழுந்த ஒரு துண்டு வெயிலும்தான் இருந்தன.

வெல்மா கை நீட்டவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து வழிவிட்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். என் தோள் நடுங்க ஆரம்பித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. கீழே வைக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவர் வெயில் விழுந்த தரையைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல், நின்றுகொண்டே இருந்தார்.