அண்ணி இல்லாத பத்தி

1

நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல. ஒரு வார இதழில் 'வீட்டுத் திரை' என்று ஒரு பத்தி எழுதி வருகிறேன். வீட்டில் இருந்தபடியே எந்தப் படத்தைப் பார்க்கலாம், எந்தத் தொடரைத் தொட வேண்டாம் என்பதுதான் விஷயம். அதன் முதல் வரி வழக்கமாக 'அண்ணி சொல்கிறாள்' என்றுதான் தொடங்கும். அன்று மறுபடியும் அந்த இரண்டு சொற்களையும் எழுதினேன். மூன்றாவது சொல் வரவில்லை.

காரணம் எளிது. அண்ணியும் என் அண்ணனும் பிரிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. முன்னாள் அமைச்சர் என்கிறோம், முன்னாள் மாணவர் என்கிறோம். முன்னாள் அண்ணி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பத்தி நின்றது. நின்ற இடத்திலிருந்து இது தொடங்கியது.

2

தொடக்கத்துக்குச் சில வரிகள் எழுதிப் பார்த்தேன். அவற்றை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

"மூன்று பேர் உட்கார்ந்திருந்த அந்த சோபாவில் இப்போது—"

(சோபாவைக் காட்டி அழவைக்கும் எழுத்து எனக்கே பிடிக்காது.)

"என் அண்ணனும் அவனது மனைவியும் பரஸ்பர சம்மதத்துடன்—"

(வக்கீல் நோட்டீஸ்.)

"அண்ணி ஒரு படத்தை நிறுத்தினால்—"

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

அண்ணி ஒரு படத்தை நிறுத்தினால் அன்றைய மதியம் போனது போனதுதான். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது அண்ணன் வீட்டில்தான் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டு மூவரும் உட்காருவோம். ரிமோட் அண்ணி கையில். கதாநாயகன் ஒரு பொய் சொல்வான். உடனே நிறுத்துவாள்.

"இவன் பொய் சொல்றான்னு அவளுக்குத் தெரியாதாக்கும்? கண்ணப் பாரு அவளுக்கு. எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அண்ணி சும்மா இருக்கா?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவான். அதுக்கு இது தேவலைன்னு இருக்கா."

நான் மறுப்பேன். அவள் விடமாட்டாள். நடிகனின் வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்து நிற்கும். நாங்கள் சண்டையை முடிக்கும்வரை அண்ணன் அந்தப் பாதி வாயையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்றரை மணி நேரப் படம் பொழுது சாயும்வரை ஓடும். அப்படி ஓடிய படங்கள்தான் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. தனியாக, நிறுத்தாமல் பார்த்தவற்றில் ஒன்றின் முகம்கூட ஞாபகம் இல்லை.

3

அண்ணிக்கு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை. படங்களைப் பற்றிய அவளுடைய தீர்ப்பும் மருந்து கொடுக்கும் அந்த ஜன்னலிலிருந்து வருவது போலவே இருக்கும்.

"இது வெறும் வயித்துல பாக்கற படம் இல்ல."

"இந்தத் தொடர ஒரே மூச்சுல பாக்காத. தினம் ஒண்ணு. மீறினா தலைவலி."

"மனசு சரியில்லாதப்ப இதப் பாரு. சரியா இருக்கறப்ப பாத்தா ஒண்ணும் பண்ணாது."

இதழின் ஆசிரியர் ஒரு பத்தி கேட்டபோது இவற்றை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அண்ணியிடமும் சொன்னேன். "எழுதிக்கோ, ஆனா எம்பேரப் போடாத. வரிசையில நிக்கறவங்க மருந்துக்குப் பதிலா படம் கேப்பாங்க" என்றாள். அதனால்தான் வெறும் 'அண்ணி'. வாசகர்களுக்கு என்னைவிட அவளைத்தான் பிடித்தது.*

* ஒரு வாசகி, தன் கணவரைத் திருத்துவதற்கு ஒரு நல்ல தொடர் சொல்லும்படி அண்ணிக்கு எழுதியிருந்தார். 'அந்த அளவுக்கு மருந்து இன்னும் வரல' என்பது பதில்.

பத்தியில் அண்ணன் அநேகமாக வரமாட்டான். எழுத ஒன்றும் இருக்காது. லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடு தனியாக நிற்பவன். மூன்று பேரில் ஒரு காட்சியைக்கூட விடாமல் பார்ப்பவன் அவன்தான். முடிந்ததும் அண்ணி திரும்பிக் கேட்பாள்.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அடுத்து எதப் பாக்கலாம்?"

"உன் இஷ்டம்."

அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

4

(இங்கே நீங்கள் காரணம் எதிர்பார்ப்பீர்கள். ஏன் பிரிந்தார்கள்? நானும் எதிர்பார்த்தேன். வேறொரு பெண்ணை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். அண்ணன் முகத்தை நினைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கிழித்துவிட்டேன். குடிக்கவைத்துப் பார்த்தேன். கதையில்கூட ஒரு வாய்க்குமேல் குடிக்க மறுத்தான்.)

நடந்தது இவ்வளவுதான். நான் தனி அறை எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச காலம் ஞாயிறுதோறும் வந்தேன். பிறகு வருவது குறைந்தது. ஒருநாள் அண்ணன் தொலைபேசியில், "அவ வேற வீடு பாத்துக்கிட்டா. நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றான். சண்டை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றான். அதற்குமேல் கேட்டுப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது.

அண்ணியை அழைக்கப் பலமுறை எண்ணைத் தேடி எடுத்தேன். அவள் எடுத்ததும் என்ன சொல்லி ஆரம்பிப்பது? 'அண்ணி' என்றால் புண்ணைக் குத்துவதாகுமோ? பெயரைச் சொன்னால் அறைந்ததுபோல் ஆகுமோ? இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் கிடைக்காமல் மாதங்கள் போயின. 'அண்ணி சொல்கிறாள்' என்பதை விட்டுவிட்டு, படத்தை நானே பார்த்துப் பத்தியை நானே எழுதினேன். 'காட்சியமைப்பு சிறப்பு', 'நடிப்பு பாராட்டத்தக்கது' என்றெல்லாம் எழுதினேன். வாசகர்கள் கேட்டார்கள்: அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?

ஆசிரியர் கூப்பிட்டார். "உங்க அண்ணியக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா இத இதோட நிறுத்திடலாம். பாராட்டத்தக்கதுன்னு சொல்றதுக்கு ஊருல ஆயிரம் பேர் இருக்காங்க."

5

மருத்துவமனையில் நல்ல கூட்டம். வரிசையில் நின்றேன். அண்ணி தலை நிமிராமல் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"சீட்டு குடுங்க."

"சீட்டு இல்ல."

நிமிர்ந்தாள். ஒரு நொடி முகம் வெளுத்தது. "என்னடி? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. என்ன பாக்கறதுன்னு தெரியல அண்ணி."

சொல் தானாகவே வந்துவிட்டது. இத்தனை மாதம் தேடியதற்கு வெட்கமாக இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "ஏம்மா, இங்க வலியோட நிக்கறோம், நீங்க சாவகாசமா கதை பேசறீங்களே" என்றார். அண்ணி உள்ளே இருந்த இன்னொருவரை ஜன்னலுக்கு வரச் சொல்லிவிட்டு என்னை மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இழுத்துப் போனாள்.

"படிச்சேன், படிச்சேன்," என்றாள். "பாராட்டத்தக்கதாம். அந்தத் தொடர் பாராட்டத்தக்கதா? அந்த அம்மாக்காரி அழற காட்சிய நீ உண்மையிலயே பாத்தியா, இல்ல பாத்த மாதிரி எழுதினியா?"

இருவரும் சண்டை போட்டோம். கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின்மேல் உட்கார்ந்து, அந்த அம்மாக்காரியின் அழுகை நிஜமா நடிப்பா என்று, குரல் உயர்த்தி. நடுவில் அவள் சிரித்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணி?"

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"உங்கண்ணன் நல்லவருடி. நான் எது கேட்டாலும் 'உன் இஷ்டம்'. படத்துக்கும் அதான், வீடு மாத்தறதுக்கும் அதான், எங்கம்மாவ வச்சுப் பாத்துக்கறதுக்கும் அதான். செவுத்துல பந்த அடிச்சாக்கூடத் திரும்பி வரும். ஒருநாள் கோவத்துல, பிரிஞ்சிடலாமான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அதுக்கும் அதான் சொன்னாரு."

(இந்த வரிக்குப் பிறகு இரண்டு பாராக்கள் எழுதி நீக்கியிருக்கிறேன். ஒன்றில் நான் அழுதேன், ஒன்றில் அவள் அழுதாள். உண்மையில் யாரும் அழவில்லை. ஜன்னல் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. நல்லதா ஒண்ணு போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.)

முன்பெல்லாம் 'இவரு' என்பாள். இப்போது 'உங்கண்ணன்'. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் கிடந்தது.

6

ஞாயிறு மதியம் பஸ் கிடைக்கவில்லை. அண்ணனை அழைத்தேன். எங்கே போகிறேன் என்பதையும் சொன்னேன். தன் வேலை வண்டியை எடுத்து வந்தான். பின்னால் கருவிப்பெட்டி கடகடவென்று ஆட, ஓட்டினான். சிக்னலில் நின்றபோது, கண்ணாடிக்கு நேராகப் பார்த்தபடி சொன்னான்.

"நீ போன வாரம் எழுதியிருந்தியே, பல வருஷம் கழிச்சு வீட்டுக்குத் திரும்பி வர்ற ஆளு. அந்தத் தொடரப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?" பழக்கத்தில் கேட்டேன். பதிலும் தெரியும்.

"பிடிக்கல."

திரும்பிப் பார்த்தேன்.

"அவன் வந்து நிக்கறான், எல்லாரும் உடனே அழுதுட்டு சேத்துக்கறாங்க. அது எப்படி? ஏன் போனேன், ஏன் வந்தேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேணாமா? சொல்லாமலே எல்லாம் புரிஞ்சிடும்னு நெனச்சா அவன் முட்டாள். நான் எழுதியிருந்தா கதவையே தொறக்க விட்டிருக்க மாட்டேன்."

பச்சை விழுந்து பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவன் காதுகள் சிவந்திருந்தன. என் வாழ்நாளில் அண்ணன் சேர்ந்தாற்போல் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

(இதை நான் கட்டியதாக நினைப்பீர்கள். கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க மாட்டேன். ஆசிரியரே கோடு போட்டு அடித்திருப்பார்.)

"இத அண்ணிகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டேன்.

வழக்கமான அந்த இரண்டு சொற்கள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "சொல்லு" என்றான். அவள் குடியிருந்த கட்டடத்தின் எதிரே நிறுத்திவிட்டு, "நான் மேல வரல. நீ முடிச்சிட்டு வா, இங்கயே இருக்கேன்" என்றான்.

7

ஒரே அறை, ஒரு கட்டில், சுவரில் சின்னத் திரை. அண்ணி போட்ட படம் நன்றாக இருந்தது. வழக்கம்போல் நிறுத்தினாள், வழக்கம்போல் சண்டை. ஒரு நிறுத்தத்தின்போது சொன்னேன்.

"அந்தத் திரும்பி வர்ற ஆளு தொடர் அண்ணனுக்குப் பிடிக்கலையாம்."

ரிமோட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"என்னது?"

"பிடிக்கலையாம்."

"பிடிக்கலன்னு சொன்னாரா? அவரு வாயால?" எழுந்துவிட்டாள். "ஏன் பிடிக்கலையாம்?"

"அத நீங்களே கேளுங்க. கீழதான் இருக்கான்."

ஜன்னலருகே போனாள். நானும் எட்டிப் பார்த்தேன். அண்ணன் வண்டியை விட்டு இறங்கி, கதவில் சாய்ந்து, இந்தக் கட்டடத்தின் மாடிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எந்த ஜன்னல் என்று அவனுக்குத் தெரியாது. அண்ணி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சமையலறைக்குள் போனாள். தண்ணீர் பிடிக்கும் சத்தம். அடுப்பு பற்றவைக்கும் சத்தம்.

முடிவுகள் சில எழுதி வைத்திருந்தேன். அவன் மேலே வருகிறான். அவன் வருவதில்லை. வருகிறான், ஆனால் கதவருகே நின்று மறுபடியும் 'உன் இஷ்டம்' என்று சொல்லித் தொலைக்கிறான். மூன்றையும் அண்ணியிடம் படித்துக் காட்டியிருந்தால் மூன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பாள். ஒன்றும் தேறியிருக்காது.

எனக்குத் தெரிந்தது இதுதான். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். திரையில் யாரோ ஒருத்தி கதவைத் திறக்கப் போய் உறைந்து நின்றாள். உள்ளே அண்ணி அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்து மேடைமேல் வைத்தாள். ஒன்று வைத்தது கேட்டது, இன்னொன்று வைத்தது கேட்டது. அப்போது பார்த்துக் கீழே தெருவில் ஒரு லாரி போனது. கோப்பை இரண்டா மூன்றா என்று எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சமையலறைக்குக் கதவு கிடையாது. நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.