அம்மா குரலில் நரி

என் வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனில் ஒரு நரி வருமே, அதற்குக் குரல் கொடுப்பது நான். நரி ஆண், நான் பெண், அதனால் என்ன? தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி, மூக்கால் இழுத்து, ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஓர் இளிப்பு இளித்தால் நரி வந்துவிடும். இதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அதே கார்ட்டூனில் அணிலுக்குக் குரல் கொடுப்பவளை எங்கே போனாலும் குழந்தைகள் மொய்த்துக்கொள்ளும். என்னைக் கண்டால் ஒன்று சிரிக்கும், இன்னொன்று அம்மா பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

கதை எழுதுகிறவர் ஒரு சோம்பேறி. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். எல்லா வாரமும் ஒரே கதை. அணிலைப் பிடிக்க நரி மூன்று தடவை முயற்சி செய்யும். ஒரு தடவை வழுக்கி விழும், ஒரு தடவை தன் வாலுக்கே நெருப்பு வைத்துக்கொள்ளும், கடைசியில் மலையிலிருந்து விழுந்து அப்பளமாகிவிடும். அடுத்த நொடி உதறிக்கொண்டு எழுந்திருக்கும். யாருக்கும் எதுவும் ஆகாது. இன்னொரு கூத்தும் உண்டு. நரி எந்தச் சதி செய்தாலும் அதை முதலில் ஊரறிய உரக்கச் சொல்லிவிடும். எங்கேயோ ஒளிந்திருக்கும் அணில் அதைக் கேட்டுத் தப்பித்துவிடும். இவ்வளவு பெரிய திருட்டுப் பயல் எதற்குத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். குழந்தைகளுக்குப் புரிய வேண்டாமா என்றார்.

போன மாதம் ஒரு கதை வந்தது. நரி, அணிலின் அம்மா மாதிரி பேசிக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். நான் நரிக் குரலிலேயே கொஞ்சம் தேன் தடவிப் பேசிப் பார்த்தேன். இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. நரியை மறந்துவிடுங்கள், வீட்டில் உங்கள் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுங்கள் என்றார். கூப்பிட்டேன். 'கண்ணு, அம்மா வந்துட்டேன்டா, வெளிய வா' என்று என் சொந்தக் குரலில், என் சொந்த வார்த்தையில். அணில் வராததால் நரி கெஞ்சியது. அதுவும் நான்தான். சத்தியம் செய்தது, தேம்பித் தேம்பி அழுதது. எல்லாம் நான்தான். ஒரே தடவையில் முடித்துவிட்டேன். ஒலிப்பதிவு செய்கிற பையன்கூட எழுந்து நின்று கை தட்டினான்.

அந்தக் கதையை என் மகள் என் மடியில் உட்கார்ந்துதான் பார்த்தாள். ஐந்து வயது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர். பாதியில் தலையைத் திருப்பி என் வாயையே பார்த்தாள். மறுநாளிலிருந்து நான் கதவைத் தட்டினால் உள்ளிருந்து, நீ அம்மாவா நரியா என்று கேட்பாள். நானும் சும்மா இருக்க மாட்டாமல் 'அம்மாதான்... ஹீ ஹீ' என்று இளிப்பேன். வீல் என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடுவாள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிப் போயிற்று.

ஒரு நாள் அவளுக்குப் பள்ளி விடுமுறை. அவள் அப்பா வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். முதல் மாடியில் இருக்கும் அக்காவிடம் வாலுவை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக்குப் போனேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் அதைவிட மேல். வாலுவுக்கு அவர் பெரியம்மா. மதியம் திரும்பி வந்து தெருமுனையில் திரும்பினால், எங்கள் கட்டடத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் நடைபாதையில் நிற்கிறார்கள். ஒருவர் லுங்கியோடு, ஒருத்தி ஈரத் தலையோடு. வாட்ச்மேன் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். கேட்டுக்கு வெளியிலேயே கேஸ் வாடை மூக்கில் ஏறியது.

தரைத்தள வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். உள்ளே கேஸ் கசிந்து வீடு நிறைந்து, இப்போது கதவிடுக்கு வழியாக மாடிப்படிக்கும் வந்துவிட்டதாம். மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று, தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார் வாட்ச்மேன். நான் அதையெல்லாம் பாதிதான் கேட்டேன். என் கண் கூட்டத்தில் வாலுவைத் தேடியது. அக்கா செருப்புக்கூட இல்லாமல் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கிலேயே வாலு வெளியே வரவில்லை என்று தெரிந்துவிட்டது.

கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்களாம். அக்கா சுவரில் முகத்தை வைத்து எண்ணும்போது வாட்ச்மேன் கீழேயிருந்து எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்தியிருக்கிறார். அக்கா வீடு முழுக்கத் தேடிக் கூப்பிட்டிருக்கிறார். வரவில்லை.

"அம்மா வந்துட்டாங்க, வான்னு பொய் சொல்லிக்கூடப் பார்த்தேம்மா," என்றார். "சத்தமே இல்ல. கீழ ஓடியிருப்பான்னு நினைச்சு இறங்கி வந்துட்டேன்."

அம்மா வந்துட்டாங்க. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், பாவம். ஆனால் வாலுவுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், அம்மாவைக் காணோம், அப்படியானால் வந்தது நரி. இனி அவள் அசையவே மாட்டாள்.

கைப்பையையும் ஃபோனையும் அக்கா கையில் திணித்தேன். வாட்ச்மேன் குறுக்கே வந்தார். அவரை நான் திட்டிய வார்த்தையை அச்சில் ஏற்ற முடியாது. நல்ல மனிதர், வழியை விட்டுவிட்டார்.

உள்ளே வெளிச்சம் குறைவு. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஏறினேன். கட்டிலுக்கு அடியில், துணி அலமாரியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால், சுருட்டி வைத்த பாய்க்குப் பின்னால். ஒரு அறையில் என் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போய்விட்டது. மின்சாரம் இல்லை என்று தெரிந்தும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மேலே எங்கள் வீடு பூட்டியிருந்தது, மொட்டை மாடிக் கதவிலும் பூட்டு. அப்படியானால் படிக்கட்டை ஒட்டி எங்கேயோதான் இருக்கிறாள். நடுப்படியில் நின்று கூப்பிட்டேன்.

"கண்ணு, அம்மா வந்துட்டேன்டா. வெளிய வா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. எழுத்துப் பிசகாமல் நரியின் வசனம்.

அப்போது ஒரு இருமல் கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். உயிரோடு இருக்கிறாள், நான் பேசுவது கேட்கிறது. ஆனால் எங்கள் படிக்கட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால்கூட மூன்று மாடிக்கும் எதிரொலிக்கும். மேலேயா கீழேயா தெரியவில்லை. விளையாட்டு இல்லை, விஷக் காற்று என்று சொன்னேன். கெஞ்சினேன். சத்தியமாக அம்மாதான் என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் நரி ஏற்கெனவே சொல்லியிருந்தது, அதே வரிசையில், என் தொண்டையிலிருந்தே. பெற்ற பிள்ளையிடம் சொல்வதற்கு எனக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

"நீ நரி," என்றது ஒரு சின்னக் குரல். "போ."

சுவர் முழுக்க அந்தக் குரல்தான் இருந்தது. பயத்தைவிட அதில் தூக்கம்தான் அதிகம். வார்த்தை குழறியது. மதியத் தூக்கத்துக்கு முன்னால் அவள் இப்படிப் பேசுவாள், ஆனால் இது அந்தத் தூக்கம் இல்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வாயில் சேலையை அடைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. கீழே எங்கேயோ ஏதோ லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது. அல்லது அது என் புடவைச் சத்தமாகவும் இருக்கலாம். காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா கூப்பிட்டால் வர மாட்டாள். ஆனால் நரி? நரி தன் திட்டத்தை உளறினால் அணில் அதைக் கேட்டு ஓடிவிடும், வாராவாரம் அப்படித்தான். மேலே போகிறேன் என்று நரி சொன்னால், கீழே இருக்கிறவள் வாசல் வழியாக ஓடுவாள். ஒருவேளை அவள் மேலே இருந்தால்? இன்னும் உள்ளே பதுங்குவாள். தலை சுற்றியது, இருந்தாலும் ஒன்று மட்டும் புரிந்தது. கேஸ் கீழேதான் தேங்கும். மேலே இருந்தால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் உண்டு, கீழே இருந்தால் இல்லை. கீழே இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் இளிப்பு வரவில்லை. அழுத தொண்டை ஒத்துழைக்கவில்லை. காறி, எச்சில் விழுங்கி, மறுபடி இழுத்தேன்.

"ஹீ ஹீ ஹீ... அந்த அணில் குட்டி மொட்டை மாடியிலதான் ஒளிஞ்சிருக்கணும். நான் மேல போய்ப் பிடிக்கப் போறேன். நான் மேல போற நேரத்துல அது வாசல் வழியா தெருவுக்கு ஓடிட்டா என் திட்டமெல்லாம் பாழாயிடுமே!"

சொன்னால் மட்டும் போதாது, போகவும் வேண்டும். காலடிச் சத்தம் மேலே ஏறுவது அவளுக்குக் கேட்க வேண்டும். தொம் தொம் என்று மிதித்து ஏறினேன். என் குழந்தை கீழே மயங்கிக்கொண்டிருக்க, நான் அவளை விட்டு மேலே மேலே போனேன். ஒரு திருப்பம் ஏறியும் ஒன்றுமில்லை. இளித்துக்கொண்டே அடுத்த திருப்பம் ஏறினேன். தூங்கிப் போயிருப்பாளோ, கதவைத் திறக்கக் கையில் தெம்பு இருக்குமோ, நான் கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாய் மட்டும் இளித்தது.

கீழே ஒரு மரக்கதவு கிரீச்சிட்டது. படிக்கு அடியில் வாட்ச்மேன் துடைப்பம் வைக்கிற அலமாரி! சின்னக் காலடிகள் தடுமாறித் தடுமாறி ஓடின. நான் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். பின்னால் வருகிற சத்தம் கேட்டு அவள் அலறினாள். அப்படி ஓர் அலறலை நான் கேட்டதே இல்லை. கார்ட்டூனில் அணில் ஓடும்போது சிரித்துக்கொண்டேதான் ஓடும்.

நான் வாசலுக்கு வந்தபோது அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தார். தீயணைப்பு வண்டி வந்து நின்றிருந்தது. வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் வாலுவின் முகத்தில் மூச்சுக் கருவியை வைத்து, கண்ணை விரித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளிடம் போனேன். அவள் அக்காவின் தோள்மேல் ஏறி, அந்தப் பக்கமாக விழுந்துவிடுகிற மாதிரி விலகினாள்.

உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று அந்தத் தீயணைப்பு வீரர் கேட்டார். யாரும் இல்லை என்றார் வாட்ச்மேன். வாலு மூச்சுக் கருவியைத் தள்ளிவிட்டாள்.

"எங்க அம்மா உள்ள இருக்காங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

"முதல்ல நரின்னுதான் நினைச்சேன் மாமா. அப்புறம் அழுதாங்க. அப்போ அம்மாதான்னு தெரிஞ்சுது. வெளிய வரலாம்னு எழுந்துட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்குள்ள நரி வந்துடுச்சு. நரி மட்டும்தான் வெளிய வந்துச்சு. அம்மா உள்ளயே இருக்காங்க."

எழுந்துவிட்டாளாம். நான் இன்னும் கொஞ்சம் அழுதிருந்தால் போதும்.

"கண்ணு, நான்தான்டா," என்றேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள். பேசாதே என்று அக்கா எனக்குக் கையைக் காட்டினார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

தீயணைப்பு வீரர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. எப்படியும் கடைசியாக ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கீழ் வீட்டுப் பூட்டை உடைக்கப் போகிறோம், அப்படியே உன் அம்மாவையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொன்னார். குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான்.

"சீக்கிரம் போங்க மாமா," என்றாள். "அந்த வாசனை அம்மாவுக்கு ஆகாது. தலை வலிக்கும்."

அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாசலையே பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் பயந்துகொண்டு, அவளோடு சேர்ந்து நானும் அந்த வாசலையே பார்த்தபடி நின்றேன்.