நான்காவது கையெழுத்து

அது ஒரே ஒரு தாள்தான். இந்தப் பருவத்தில் படிக்கும் பாடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியரிடமும் போக வேண்டும். இன்றைய தேதியில் இவருடைய மதிப்பெண் இது என்று அவர் தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பாதியில் வேறு கல்லூரியிலிருந்து வந்து சேர விரும்புகிறவர்களிடம் அந்தப் பெரிய பல்கலைக்கழகம் கேட்கும் கடைசிக் காகிதம் இது. என் கட்டுரை, பழைய மதிப்பெண்கள், இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. இந்தத் தாள் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் மற்றவை எதையும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

மூன்று கையெழுத்து வாங்கிவிட்டேன். வேதியியல் ஆசிரியர் வாலஸ் ப்ரூயிட் மட்டும் கிடைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். மூன்று ஊர்களில் மூன்று கல்லூரி. எதிலும் அவருக்கென்று ஓர் அறை கிடையாது. கார்தான் அவருடைய அறை. என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஆனால் கண்ணுக்குக் கீழே எனக்கிருக்கும் அதே கருமை அவருக்கும் இருந்தது.

எனக்கு முப்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலை நாலேகாலுக்கு எழுந்து, ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரிக்கு ஓடி, மறுபடியும் இரண்டேகாலுக்கு வண்டி. என் தடத்தில் ஒரு பழைய பாலம் இருக்கிறது. பேருந்தின் எடையை அது தாங்காது என்று பலகை மாட்டிவிட்டார்கள். அதனால் தினமும் பதினோரு மைல் சுற்றிப் போகிறோம். பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்று அந்தச் சுற்றுப்பாதையில்தான் எனக்குத் தோன்றியது. அது நடந்து மூன்று வருடமாகிறது. இந்த மூன்று வருடத்தில் நான் நன்றாகத் தூங்கிய நாள்களை விரல் விட்டு எண்ணலாம்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ப்ரூயிட்டை வண்டி நிறுத்தும் இடத்தில் பிடித்தேன். பனியும் மழையுமாகக் கலந்து முகத்தில் அடித்தது. டிக்கியைத் திறந்து, அதன் மூடிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு ஓர் உறையைப் பிரித்தார்.

"உங்க வரிசை எண் என்ன?"

"பதினாலு சார்."

பெயரில்லாமல் எண்கள் மட்டும் இருந்த பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்து, ஸ்டெப்னி டயரின் மேலேயே தாளை வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சுக்கோங்க, இன்னொரு ஊர்ல லேப் இருக்கு. ஓடணும்." தாள் நனையாமல் இருக்க நான் பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பேருந்துப் பணிமனைக்கு வந்து, ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பிரித்தேன். வேதியியலுக்கு நேரே 'ஏ மைனஸ்' என்று இருந்தது.

என் மதிப்பெண் எனக்குத் தெரியும். முதல் தேர்வில் எழுபத்தாறு, இரண்டாவதில் எழுபத்தெட்டு. எப்படிக் கூட்டினாலும் சி பிளஸ்தான்.

"என்ன மார்லா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டபடி டுவைட் வந்தார். இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். நாங்கள் போகும் ஆலயமும் ஒன்றுதான். ஈஸ்டருக்கு முந்தைய, இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிகளில் எங்கள் ஆலயக் கூடத்தில் மீன் பொரித்து ஊருக்கே பரிமாறுவார்கள். அந்த அடுப்பு அவர் பொறுப்பு.

"அவரு எனக்கு ஏ மைனஸ் போட்டிருக்காரு."

"அதுக்கா இந்த மூஞ்சி? எங்க அப்பா சாகுற வரைக்கும் என் மார்க் ஷீட்ல ஒரு ஏ-வைப் பாத்ததில்ல தெரியுமா?"

"எனக்கு வரவேண்டியது சி பிளஸ், டுவைட். லிஸ்ட்டை மாத்திப் பாத்துட்டாரு போல."

அவர் தாளை வாங்கிக் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். "இது யாரு கையெழுத்து? உன்னுதா?"

"அவருது."

"அப்புறம் என்ன? நீ திருடல, பொய் சொல்லல. மூணு வருஷம் நாய் படாத பாடு பட்டிருக்க. ஆண்டவராப் பாத்துக் குடுக்குறாரு, வாங்கிக்க."

"ஆண்டவர் எனக்கு கெமிஸ்ட்ரி எடுக்கலையே."

"அட, பருவம் முடியறப்போ மார்க் இறங்கிடுச்சுன்னு வச்சுக்க. எத்தன பேருக்கு இறங்குது! சரி, ஒண்ணு சொல்லு. சி பிளஸ்னு அனுப்பினா உன்ன எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"பாத்தியா!"

அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிதில்லை. அவர் வருவதற்கு முன்பே அதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் என்னை அதிகமாகக் களைக்க வைத்தது. ப்ரூயிட்டுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். ஒருவேளை இதுவே பதில் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அன்று முழுத் தடத்திலும் என்னால் ஒரு ஜெபம்கூடச் சொல்ல முடியவில்லை. எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு மூன்று ஐம்பதுக்குப் பணிமனைக்குத் திரும்பினேன். வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் எழுந்து கடைசி இருக்கைவரை நடக்க வேண்டும். ஒவ்வோர் இருக்கையிலும், அதற்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். எந்தக் குழந்தையும் தூங்கிப்போய் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. பிறகுதான் பின் கண்ணாடியில் 'இந்தப் பேருந்து காலி' என்ற பலகையை மாட்டலாம். ஏழு வருடத்தில் நான் ஒரு குழந்தையைக்கூடக் கண்டதில்லை. கையுறைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒருமுறை உயிரோடு ஒரு தவளை, அவ்வளவுதான். ஆனாலும் பார்க்காமல் ஒரு நாளும் பலகை மாட்டியதில்லை.

அன்றும் முதுகு வலிக்க வலிக்க இருபத்து நான்கு இருக்கையையும் குனிந்து பார்த்தேன். பலகையைக் கையில் எடுத்தபோது பைக்குள் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

கீழே டுவைட் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ப்ரூயிட் லேப் எடுக்குற காலேஜுக்குப் போறேன். முப்பது மைல்தான்."

"தெரியும் எனக்கு. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சது. பைத்தியம்." துடைப்பத்தை என் வண்டிக்குள் நீட்டினார். "போ. கூட்டுறது, டீசல் போடுறது எல்லாம் நான் பாத்துக்குறேன்."

"நீங்க மீன் பொரிக்கப் போகணுமே?"

"மீன் எங்க ஓடிடப் போகுது? அது செத்து ரெண்டு மாசமாச்சு. கிளம்பு."

நான் போய்ச் சேர்ந்தபோது நாலு முப்பத்து நாலு. ஆய்வகத்தில் ப்ரூயிட் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மாணவனின் குடுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"என்னாச்சு? கையெழுத்து விட்டுட்டேனா?"

"இல்ல சார். மார்க் தப்பா இருக்கு."

"கம்மியாப் போட்டுட்டேனா?"

"அதிகமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பையிலிருந்து உறைகளை எடுத்து மேசையில் பரப்பினார். இந்தக் கல்லூரியின் பட்டியல் எங்கள் உறைக்குள்ளும், எங்கள் பட்டியல் இங்குள்ள உறைக்குள்ளும் இருந்தன. வாரம் முழுவதும் மூன்று ஊரின் தேர்வுத்தாள்களைத் திருத்திவிட்டு, தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டிருக்கிறார்.

"ஏத்திப் போடுங்கன்னு கேட்டு நூறு பேர் வந்திருக்காங்க. இறக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல." பேனாவை எடுத்து 'ஏ மைனஸ்' என்பதை ஒரே கோடாக அடித்தார். பிறகு எழுதாமல் நின்றார். "இன்னும் ஒரு லேப் மார்க் வரணும். பி மைனஸ்னு போடட்டுமா? ரொம்பத் தப்பில்ல அது."

அவர் அன்பாகத்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

"வேணாம் சார். இன்னிக்கு என்னவோ, அதையே போடுங்க."

சி பிளஸ் என்று எழுதி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். அந்த மேசையிலேயே தாளை வைத்துப் போனில் படமெடுத்து அனுப்பினேன். அவசரத்தில் முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது போய்ச் சேர்ந்தபோது நாலு ஐம்பத்தொன்று.

கிளம்பும்போது ப்ரூயிட் கதவுவரை வந்தார்.

"ரெண்டாவது டெஸ்ட்ல எங்க விட்டீங்க?"

"அமிலத்துல. நீங்க சொல்றப்போ புரியுது. வீட்டுக்குப் போனா போயிடுது. வகுப்புலயே பாதி நேரம் தூங்கிடறேன் சார், பொய் சொல்ல விரும்பல."

"பாத்திருக்கேன். எழுப்ப மனசு வரல." கதவில் சாய்ந்துகொண்டார். "திங்களும் புதனும் உங்க பஸ்ஸுக்கு முன்னாடி அரை மணி நேரம் எனக்குச் சும்மாதான் இருக்கு. ரூம் இல்ல. ஆனா கார்ல ஹீட்டர் வேலை செய்யும். வர்றீங்களா?"

நான் ஆலயக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பரிமாறி முடித்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு மட்டும் அலுமினியத் தாளால் மூடி, மேலே என் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆறிப்போன மீன், முட்டைக்கோஸ் சாலட், இரண்டு துண்டு ரொட்டி. தலை குனிந்து நன்றி சொன்னேன். அந்த ஜெபம் மட்டும் தடையில்லாமல் வந்தது. பாதித் தட்டிலேயே மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேனாம். டுவைட் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

ஏப்ரல் முழுவதும் திங்களும் புதனும் அந்தக் காரின் முன் இருக்கையில் மடிமேல் நோட்டை வைத்துக்கொண்டு படித்தேன். தன் சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் வைத்துவிட்டு, சாப்பிடச் சொல்லாமலே பாடத்தைத் தொடங்குவார். பருவ முடிவில் எனக்கு பி வந்தது, அதையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். யாரும் ஏற்றிப் போட்ட பி அல்ல.

மே மாதம் மூன்றாம் வாரம் ஒரு நாள், மாலைத் தடத்தில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. வண்டி ஓட்டும்போது நான் தொடுவதில்லை. பணிமனைக்கு வந்து நிறுத்தியபின்பும் தொடவில்லை. எழுந்து நடந்தேன். ஒவ்வோர் இருக்கையாகக் குனிந்து பார்த்து, பலகையை மாட்டிவிட்டு, கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்து, போனில் வந்திருந்த பல்கலைக்கழகத்தின் கடிதத்தைத் திறந்தேன்.

எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பருவத்தின் நான்கு பாடமும் பட்டக் கணக்கில் சேரும் என்று எழுதியிருந்தது. சி பிளஸாகவே நின்றிருந்தால் வேதியியல் சேர்ந்திருக்காது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் அந்த விதியும் இருந்தது. அடித்துத் திருத்திய அந்த இடத்தை அங்கே யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, வெளியிலிருந்து டுவைட் கண்ணாடியைத் தட்டினார்.

"பலகை மாட்டி அரை மணியாச்சு! உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா, டுவைட்," என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும். ரொம்பக் களைச்சுப் போயிருக்கா."