அவசரத்துக்கு மட்டும்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறைச் சாவி மேலாளரின் மேசைமேல் இருந்தது. தொலைந்துவிடாதபடி அதை ஒரு முழக் கட்டையில் கட்டி, 'அவசரத்துக்கு மட்டும்' என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். அது போதாதென்று சுற்றறிக்கை வேறு.

மூன்றாம் கவுன்டர் எழுத்தருக்குச் சிறுநீர் அடங்காத தொல்லை. மாத்திரைக்கு முன் சிறுநீர்ப்பையைப் பழக்கிப் பார்ப்போம் என்று பிசியோதெரபிஸ்ட் அட்டவணை கொடுத்திருந்தாள். வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குப் போக வேண்டும். நடுவில் முட்டிக்கொண்டு வந்தால் ஓடக்கூடாது. உட்கார்ந்து, அடியிடுப்புத் தசையை ஐந்து முறை இறுக்கிவிட்டு, அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு வாரம் பல்லைக் கடித்து, முக்கால் மணிக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஒன்றரை மணிக்கு ஒருமுறை என்ற அளவுக்கு எழுத்தர் வந்திருந்தாள். இப்போது விட்டால் பட்ட பாடெல்லாம் பாழ்.

பத்துக்குப் போனவள், பதினொன்றரைக்கு மேசைமுன் நின்றாள்.

"அவசரமா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு?"

"அவசரம் வராம இருக்கத்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உரை வரப்போகிறது என்று அர்த்தம். "உங்களுக்கு அவசரமில்லாமக் குடுத்தா, நாளைக்கு அவசரமில்லாத எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா."

"பிசியோதெரபிஸ்ட் கடிதம் குடுத்தேனே சார்."

"படிச்சேன். அதுலயும் அவசரம்னு ஒரு வார்த்தை இல்ல. பேசாம அவசரம்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்களேன்."

"அந்தப் பேரச் சொன்னாலே அது வந்து நிக்குது சார்."

"ஊருக்கே மணி பாத்துத்தான் தண்ணி திறந்து விடுறோம்," என்றாள் இரண்டாம் கவுன்டர் அக்கா, தலை நிமிராமல். "இவ ஒருத்திக்கு விட்டா என்ன சார்?"

மேலாளர் சுற்றறிக்கையில் இரண்டாம் பத்தியைத் தேடினார். பதினொன்று நாற்பதுக்கு வந்தேவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவர் நிம்மதியாகக் கட்டையை நீட்டினார்.

"இப்ப அவசரம்தானே? இந்தாங்க. விதிப்படி ஆச்சு."

அவள் வாங்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்பப் போகக்கூடாது சார்."

"ஏம்மா என் உயிர வாங்கறீங்க?"

"எண்ணிக்கிட்டிருக்கேன். பேச்சுக் குடுக்காதீங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலாளரின் கை அந்தரத்திலேயே நின்றது. நான்காம் இறுக்கில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஐந்தில் பிடி கிடைத்தது. மெல்ல அடங்கியது. அதன்பிறகே கட்டையை வாங்கிக்கொண்டு, ஓடாமல், நடந்தே போனாள்.

திரும்பி வந்து அட்டவணையில் எழுதினாள்: ஒன்றேமுக்கால் மணி நேரம். குறிப்பு என்ற கட்டத்தில், மேலாளர் உபயம்.